ட்ரெயின் (drain) செய்த கணு: வடிகாலா, மடையடைப்பா?

நாகர்கோவில்:
பல கணினிகளுக்குப் பணிகளைப் பங்கிடும் மென்பொருளான ஸ்லர்மின் கையேட்டுத் தமிழாக்கத்தில் கணு (தொகுப்பிலுள்ள ஒரு கணினி) நிலைகளுக்கான சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. ‘ஐடில்’ சும்மா, ‘டவுன்’ விழுந்தது. ‘ட்ரெயின்’ ஒன்றுதான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. வரைவில் ‘வடிகால்’ என்று போட்டிருக்கிறது. மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தக்கலை:
இருக்கிறது அண்ணாச்சி. வடிகால் ஒரு பொருளின் பெயர், இங்கே வேண்டியது ஒரு நிலையின் பெயர். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வடிப்பது என்றால் உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது என்றுதானே படிப்பவர் நினைப்பார்? ஸ்லர்மில் அப்படி எதுவும் நடப்பதில்லை. எஸ்-கண்ட்ரோல் அப்டேட் கட்டளையில் கணுவின் பெயர், நிலை, காரணம் மூன்றையும் கொடுத்தால், அந்தக் கணுவுக்குப் புதுப் பணி வருவது மட்டும் நிற்கும். ஓடுகிற பணி தன் போக்கில் ஓடி முடியும். அதுவரை, கணு நிலையைக் காட்டும் எஸ்-இன்ஃபோ கட்டளையில் ‘ட்ரெயினிங்’ என்பதன் சுருக்கம் தெரியும். கடைசிப் பணி இறங்கிய பிறகுதான் ‘ட்ரெயின்’ என்று மாறும். ஓடுவதை உடனே கொல்வது ‘டவுன்’. அதைக் கொடுத்தால் பணி செத்துவிடும், அல்லது மறுபடி வரிசைக்குப் போகும்.

‘வடிகால்’ என்று எழுதிவிட்டால், கணு காலியாகிவிட்டது என்று நம்பி ஒருவர் மின்சாரத்தை அணைப்பார். முப்பந்தல் காற்றுக் கணிப்புப் பணி ஒன்று ஆறாம் நாள் ஓட்டத்தில் இருந்தால் அதோடு தீர்ந்தது.

மார்த்தாண்டம்:
‘பராமரிப்பு நிலை’ என்று விட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

தக்கலை:
புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பாதி நேரம் இந்த நிலையை மனிதர் போடுவதில்லை, ஸ்லர்மே போடுகிறது. பணியின் செயலாக்கம் ஒன்று கொல்லச் சொல்லியும் சாகாமல் நின்றால் ‘கில் டாஸ்க் ஃபெயில்ட்’ என்று காரணம் எழுதிக் கணுவை ஒதுக்கிவிடும். அதற்கான காத்திருப்பு இயல்பாக 60 விநாடி. பெரும்பாலும் பிணையம் வழி வரும் என்எஃப்எஸ் சேமிப்பகம் பதில் சொல்லாமல் உறைந்திருக்கும். அதற்காகக் காத்திருக்கும் செயலாக்கத்தைக் கொல்ல முடியாது. பணிக்கு முன் ஓடும் புரோலாக் நிரல் பிழையோடு முடிந்தாலும் இதே கதி. ஒரு நினைவகச் சில்லு போய், அமைப்புக் கோப்பில் எழுதியதைவிடக் குறைவான நினைவகத்தைக் கணு காட்டினாலும் ஒதுக்கிவிடும். இதில் எதையும் பராமரிப்பு என்று சொல்ல முடியாது. எஸ்-இன்ஃபோவைப் பெரிய ஆர் தெரிவோடு ஓட்டினால் காரணம், போட்டவர், நேரம் மூன்றும் வரும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பூதப்பாண்டி:
நம்ம வயலில் இதற்கு வழக்கம் இருக்கிறதே. வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாமடையை அடைத்தால் புதுத் தண்ணீர் வராது. உள்ளே நிற்பது தானாக வடியும், யாரும் இறைத்து ஊற்ற வேண்டியதில்லை. ஆகவே செயலுக்கு ‘மடையடைப்பு’. முதல் நிலை ‘மடையடைத்து வடிகிறது’, இரண்டாவது ‘மடையடைத்து வடிந்தது’. எஸ்-இன்ஃபோவின் ஒடுங்கிய பத்தியில் ‘வடிகிறது’, ‘வடிந்தது’ போதும். ‘வாமடை’ என்று நான் கேட்கமாட்டேன், அது தெற்கே மட்டும்தான் செல்லும். மடை தஞ்சையிலும் புரியும்.

குளச்சல்:
அக்கா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் கொள்கலன் (container) மென்பொருளான குபர்நெட்டிஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே ‘ட்ரெயின்’ என்பது ஓடுகிற பாட்களை (கொள்கலன் தொகுதிகளை) வெளியேற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் முடித்துக்கொள்ள இயல்பாக 30 விநாடி, அதன் பிறகு கொன்றுவிடும். புதிதாக எதையும் ஏற்காமல் மட்டும் நிறுத்துவதற்கு அங்கே ‘கார்டன்’ (cordon) என்று தனிக் கட்டளை. ஆக ஸ்லர்மின் ட்ரெயின், குபர்நெட்டிஸின் கார்டனுக்குத்தான் சமம். ஆங்கிலத்தில் ஒரே சொல், வேலை இரண்டு.

பூதப்பாண்டி:
அப்படியானால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது, நடப்பதைப் பார்த்து வைக்க வேண்டும். ஸ்லர்ம் ட்ரெயினும் குபர்நெட்டிஸ் கார்டனும் மடையடைப்பு. குபர்நெட்டிஸ் ட்ரெயின் ‘வெளியேற்றம்’. மடையடைப்பு அதற்குள் அடக்கம்.

நாகர்கோவில்:
சம்மதம். பதிவின் கீழே நடைமுறைக் குறிப்பும் சேர்த்துவிடுவோம். மடையடைத்தவர் அடுத்துக் கேட்பது, ‘எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?’ பணி வரிசையைக் காட்டும் எஸ்-கியூவில் கணுவின் பெயரைக் கொடுத்து முடிவு நேரப் பத்தியைக் கேட்டால் வரும். அது பணியின் நேர வரம்பை வைத்துச் சொல்வது, முன்னதாகவே முடியலாம். வரம்பு 7 நாள் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். நிறுத்தும் தேதி முன்பே தெரிந்தால் மடையடைப்பே வேண்டாம், பராமரிப்புக் கொடியோடு முன்பதிவு போடுவது மேல். அந்த நேரத்தைத் தாண்டிப் போகிற பணியை மட்டும் ஷெட்யூலர் ஏற்றாது, சிறு பணிகள் கடைசிவரை ஓடும், கணு வீணாகாது. வெறும் மறுதுவக்கம்தான் வேண்டும் என்றால் எஸ்-கண்ட்ரோல் ரீபூட் கட்டளையில் ‘ஏஎஸ்ஏபி’ சேர்த்தால் போதும். அதுவே மடையடைத்து, காலியானதும் மறுதுவக்கும்.

தக்கலை:
‘ரெஸ்யூம்’ என்பதற்கு ‘மடைதிறப்பு’ தானே வந்துவிடுகிறது. அங்கே ஒரு எச்சரிக்கை போட வேண்டும். பிழையைத் தீர்க்காமல் திறந்தால் அந்தக் கணுவுக்கு வரும் பணி சில விநாடியில் தோற்கும், கணு உடனே காலியாகும், அடுத்த பணி வரும், அதுவும் தோற்கும். வரிசையே அந்த ஒரு கணுவில் கரைந்துபோகும். திறக்குமுன் சேமிப்பகம் ஏறியிருக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா, கடிகாரம் சரியா என்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்கள் ஒன்றையொன்று நம்புவதற்கான மங் சான்றின் ஆயுள் இயல்பாக 300 விநாடி. கடிகாரம் அதற்கு மேல் விலகினால் கணு பேச்சையே ஏற்காது. சாரல் காலத்தில் மின்சாரம் போய் வந்த இயந்திரங்களில், தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்திருந்தால் இது நடக்கும்.

மார்த்தாண்டம்:
காரணம் எழுதும் இடத்தில் ‘பிரச்சினை’ என்று மட்டும் எழுதுகிறவர்களை என்ன செய்வது? ஸ்லர்ம் காரணம் கேட்கும், ஆனால் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். கையேட்டு எடுத்துக்காட்டில் ‘மூன்றாம் நினைவகத் துளை, ஈசிசி பிழை, மாற்றுச் சில்லு வரவேண்டும்’ என்பதுபோல் எழுதிக் காட்டலாம்.

நாகர்கோவில்:
அப்படியே போடுகிறேன். ஸ்லர்ம் போன்ற இன்னொரு பணிப்பங்கீட்டு மென்பொருளான எச்டிகாண்டர் மட்டும் மிச்சம். அதன் ‘காண்டர் ட்ரெயின்’ இயல்பில் மென்மையான முறை, ஓய்வுநேர வரம்பை (ஓடுகிற பணி தானாக முடியக் கொடுக்கும் அவகாசத்தை) மதிக்கும். அந்த வரம்பு இயல்பாக 0 என்பதால், நிர்வாகி மாற்றாத இடத்தில் பணியை வெளியேறச் சொல்லிவிடும். எனக்கு அது ‘வெளியேற்றம்’ பக்கம்தான் நிற்கிறது. காண்டர் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள், அதுவரை அந்த வரியை வெறுமையாக விடுகிறேன்.