நிலா மண்ணிலிருந்து மூச்சுக்காற்று: ஆகிற காரியமா?

நிலாச்சோறு:
நிலவில் குடியேறினால் சுவாசிக்கும் காற்றை ஆயுசு முழுக்கப் பூமியிலிருந்தே ஏற்றிப் போக வேண்டும் என்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எதற்கு? காலடியிலேயே இருக்கிறது. நிலா மண்ணின் எடையில் 40 முதல் 45 சதவீதம் ஆக்சிஜன். சிலிக்கான், அலுமினியம், கால்சியம், இரும்பு இவற்றோடு பிணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 840 கிராம் போதும். ஒரு டன் மண்ணை முழுசாகப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே வரும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2020-லேயே நெதர்லாந்தின் நூர்ட்வைக்கில் இதற்கொரு சோதனை ஆலை வைத்துவிட்டது. பொறியியல் வேலை மட்டும்தான் பாக்கி.

சூளைக்காரன்:
அந்தப் பாக்கியில்தான் ஐயா என் பிழைப்பே ஓடுகிறது. சிமென்ட் ஆலையில் இருபது வருஷமாகப் பராமரிப்பு வேலை. உங்கள் கணக்குப்படி பார்த்தால் ஆற்று மணலிலும் பாதிக்கு மேல் ஆக்சிஜன் உண்டு. ஆஸ்பத்திரி சிலிண்டரை நிரப்ப யாராவது மணல் அள்ளிக்கொண்டு போகிறார்களா? சிலிக்கான் பிடித்தால் உடும்புப்பிடி.

நூர்ட்வைக் முறையை நானும் படித்தேன். கால்சியம் குளோரைடு உப்பை 950 டிகிரியில் உருக்கி, அதில் மண்ணைப் போட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். மண்ணிலிருந்த ஆக்சிஜனில் 96 சதவீதம் வந்தது, சரி. அதற்கு 50 மணி நேரம் ஆயிற்று. மிச்சமாகும் உலோகத் தூளோடு உப்பும் ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கழுவி மீட்கத் தண்ணீர் வேண்டும். உப்பு, தண்ணீர் இரண்டுக்கும் நிலவில் எந்த மளிகைக் கடைக்குப் போவது?

நிலாச்சோறு:
அந்த ஒரு வழி மட்டும்தானா? ஹைட்ரஜன் வழி இருக்கிறதே. நிலாவில் இல்மனைட் என்ற கனிமம் உண்டு. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. 900, 1000 டிகிரியில் ஹைட்ரஜனை அதன் மேல் செலுத்தினால் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நீராவியாக வெளியே வரும். அந்தத் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் ஆக்சிஜன் நமக்கு, ஹைட்ரஜன் திரும்ப உலைக்கு. சுற்றிச் சுற்றி ஓடும். உப்பும் வேண்டாம், மளிகைக் கடையும் வேண்டாம்.

சூளைக்காரன்:
செய்து காட்டியதெல்லாம் போலி மண்ணில்தானே? 2023-இல் நாசா ஜான்சன் மையத்தில் வெற்றிட அறைக்குள் லேசரால் சூடாக்கிக் கார்பன் முறையை (ஹைட்ரஜனுக்குப் பதில் கார்பன் ஆக்சிஜனை இழுக்கும்) சோதித்ததும் போலி மண்தான். அசல் மண்ணைத் தொட்டார்களா?

பாறைப்பித்தன்:
தொட்டார்கள். நடுவில் புகுவதற்கு மன்னியுங்கள், நான் படித்தது புவியியல். அப்போலோ கொண்டுவந்த மண் மாதிரிகள் பலவற்றில் ஹைட்ரஜன் முறையைச் செய்து பார்த்து, 1996-இல் கார்ல்டன் ஆலன் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். கிடைத்த ஆக்சிஜன் மண்ணின் எடையில் ஏறக்குறைய 1 முதல் 5 சதவீதம். அதாவது சூளைக்காரன் அண்ணன் ‘தொட்டார்களா’ என்றதும் தவறு, நிலாச்சோறு தம்பியின் ‘ஒரு டன்னில் ஒரு வருஷம்’ கணக்கும் தவறு. இல்மனைட்டின் மூன்று ஆக்சிஜன் அணுக்களில் ஹைட்ரஜன் எடுப்பது ஒன்றைத்தான். பத்து சதவீதம் இல்மனைட் உள்ள நல்ல மண் என்றாலும் டன்னுக்குப் பத்துக் கிலோ தேறும்.

அந்தச் சோதனையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: மண்ணில் இரும்பு எவ்வளவோ அவ்வளவுக்கு விளைச்சல். அப்போலோ 17 எடுத்து வந்த எரிமலைக் கண்ணாடி மணிகள் அள்ளிக் கொடுத்தன, மேட்டுநில மண் கையை விரித்தது. எல்லா நாடுகளும் இப்போது போக நினைக்கும் தென்துருவம் எந்த வகை? மேட்டுநிலம்.

சும்மாவந்தவன்:
தென்துருவத்தில் ஐஸ் இருக்கிறதாமே? அதை உருக்கிக் குடித்துவிட்டு மிச்சத்தை மூச்சுவிட வேண்டியதுதானே? இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய உலை?

சூளைக்காரன்:
2009-இல் கபேயஸ் என்ற பள்ளத்தில் நாசா ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டது. கிளம்பிய புழுதியில் சுமார் 5.6 சதவீதம் நீர் என்றார்கள். அது ஒரே ஓர் இடம். வெயிலே படாத, மைனஸ் 200-ஐ ஒட்டிய இருட்டுக்குழி. தோண்டிப் பார்க்கத் துளைகருவியோடு 2025 மார்ச்சில் இறங்கிய கலம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. இந்த ஒரு விஷயத்தில் நிலாச்சோறு பக்கம் நிற்கிறேன். மண்ணாவது எல்லா இடத்திலும் இருக்கிறது.

நிலாச்சோறு:
அப்பாடா! அப்படியே மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஹைட்ரஜன் முறையில் ஒரு கிலோ திரவ ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 24 யூனிட் ஆகும் என்று 2025-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 80 யூனிட். மூன்றரை கிலோவாட்டைத் தொடர்ந்து கொடுத்தால் போதும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தகடுகள் இதைப்போல இருபது மடங்குக்கு மேல் தருகின்றன.

சூளைக்காரன்:
நான்கு பேருக்கு வருஷத்துக்கு எவ்வளவு? ஒன்றே கால் டன்னுக்கும் குறைவு. அதையும் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஓரளவு திரும்ப எடுத்துக்கொள்ளலாம், விண்வெளி நிலையத்தில் அந்த நுட்பம் இருக்கிறது. இதற்காக உலை, அள்ளும் வண்டி, குளிர்விப்பான் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினால் அந்த எடைக்கு எத்தனை வருஷக் காற்றைக் கொண்டுபோகலாம்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தவிர, ஆக்சிஜன் மட்டும் இருந்தால் அது காற்றா? நைட்ரஜன் நிலாவில் பெயருக்குத்தான் உண்டு. தூய ஆக்சிஜன் நிரப்பிய அறையில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாக 1967 ஜனவரியில் அப்போலோ 1-இல் மூன்று உயிர்கள் போயின.

நிலாச்சோறு:
சரி, மனம் விட்டுச் சொல்கிறேன். மூச்சுக்காக மட்டும் என்றால் நீங்கள் சொல்வது நியாயம். இதன் முக்கியப் பயன் ராக்கெட். மீத்தேனோ ஹைட்ரஜனோ, எதை எரித்தாலும் தொட்டியில் ஏற்றும் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜன். திரும்பி வரும் கலத்துக்கு அங்கேயே நிரப்பினால்தான் குடியேற்றம் கட்டுப்படியாகும். மூச்சு அதில் கொசுறு.

சூளைக்காரன்:
இதைத் தலைப்பிலேயே போட்டிருக்கலாம். வருஷத்துக்கு 100 டன் என்று வைத்தால் உங்கள் கணக்கிலேயே 24 லட்சம் யூனிட். இரவு பகல் பாராமல் 274 கிலோவாட் ஓட வேண்டும். நிலாவில் பெரும்பாலான இடங்களில் இரவு என்பது பதினான்கு நாள்.

மின்சாரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என் கவலை வால்வு. எங்கள் ஆலையில் சுண்ணாம்புத் தூள் போகிற வழியில் ஒரு சீல் தேய்ந்தால் நான்கு பேர் ஏணி வைத்து ஏறிக் கழற்றி மாட்டுவோம். ஒருமுறை பேரிங்குக்குள் தூசி போய் மூன்று நாள் உற்பத்தி நின்றது. இத்தனைக்கும் நம் தூசியைக் காற்றும் நீரும் உருட்டி மழுக்கியிருக்கின்றன. நிலா தூசி உடைந்த கண்ணாடி மாதிரி. அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அதை முகர்ந்து மூக்கடைப்பே வந்தது. ஆயிரம் டிகிரி உலையின் வாயைத் திறந்து மண்ணைப் போட்டு, வாயு கசியாமல் மூட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? சீலை யார் மாற்றுவது?

நிலாச்சோறு:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. உருக்கிய மண்ணிலேயே நேரடியாக மின்சாரம் பாய்ச்சும் முறை இருக்கிறது. ப்ளூ ஆரிஜின் நிறுவனத்துக்கு நாசா 2023-இல் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது அதற்குத்தான். ஹைட்ரஜனும் வேண்டாம், உப்பும் வேண்டாம். எந்த மண்ணானாலும் சரி, மேட்டுநில மண்ணும் ஆகும்.

சூளைக்காரன்:
எத்தனை டிகிரி?

நிலாச்சோறு:
1600 பக்கம்.

சூளைக்காரன்:
எங்கள் சூளை 1450. அதற்கே உள்பூச்சுச் செங்கல்லை மாற்றி மாற்றி மாளவில்லை. உருகிய பாறை செங்கல்லையும் கரைத்துக் குடித்துவிடும்.

பாறைப்பித்தன்:
அண்ணே, உங்களுக்கு ஒரு தகவல். சந்திரயான் கலங்களைத் தரையில் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் போல ஒன்று வேண்டியிருந்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்து அனார்தோசைட் பாறையை நொறுக்கித்தான் அதைச் செய்தார்கள். சந்திரயான்-3 இறங்கிய 69 டிகிரி தெற்கில் அதன் ஊர்தி பிரக்யான் அளந்த மண்ணும் அனார்தோசைட் இனம் என்று 2024-இல் கட்டுரை வந்தது. இரும்பு குறைவு, அதனால் ஹைட்ரஜன் முறைக்குச் சரிப்படாத இனம். உருக்கித்தான் எடுக்க வேண்டும்.

சூளைக்காரன்:
சித்தம்பூண்டியா? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஒரு சாக்குக் கல் கிடைத்தால் எங்கள் ஆய்வகத்துச் சின்ன உலையில் போட்டுப் பார்க்கிறேன்.

பாறைப்பித்தன்:
உங்கள் உலை எவ்வளவு போகும்?

சூளைக்காரன்:
1500. அதற்கு மேல் முள் நகராது.

பாறைப்பித்தன்:
அந்தக் கல்லில் பெரும்பகுதி அனார்தைட் என்ற கனிமம். அது உருக 1550 வேண்டும், அண்ணே.