செயற்கை நுண்ணறிவுப் பள்ளிக்குக் கல்விச் சுற்றுலா: மாணவர்களை எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி: கணினி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். சென்னை ஐஐடியில் 2024இல் தொடங்கப்பட்ட வாத்வானி தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவுப் பள்ளிக்கு (இவற்றைக் கற்பிக்கும் துறை அது) எங்கள் 11ஆம் வகுப்பு மாணவர்கள் 38 பேரை ஒரு நாள் அழைத்துச் செல்ல அனுமதி கேட்டுக் கடிதம் எழுத இருக்கிறேன்.

கடந்த ஆண்டு வேறொரு தனியார் கல்லூரிக்குச் சென்றோம். குளிரூட்டிய அரங்கில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, கட்டடங்களின் படங்களையும் சேர்க்கை விவரங்களையும் காட்டி, ஆளுக்கொரு பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது பேருந்தில் ஒரு மாணவி, "டீச்சர், கம்ப்யூட்டர் எப்படிக் கத்துக்குதுன்னு யாருமே சொல்லலையே" என்றாள். அவளுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பேருந்துக்கான பணத்தை அவர்கள் எப்படிச் சேர்த்துத் தருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை அந்த ஒரு நாள் வீணாகக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி: முதுகலை ஆசிரியர், நாமக்கல்

வணக்கம் அம்மா. அந்த மாணவியின் கேள்விக்கான விடையைப் பயணத்துக்கு முன்பே உங்கள் பள்ளியிலேயே தொடங்கிவிடலாம். படங்களைக் காட்டிப் பொருள்களைப் பிரித்தறியக் கணினியைப் பழக்கும் கூகுளின் 'டீச்சபிள் மெஷின்' இணையக் கருவிக்கு ஒரு மடிக்கணினியும் அதன் கேமராவும் போதும். நிரல் எழுதத் தேவையில்லை. நாங்கள் அதை வேப்பிலையையும் கறிவேப்பிலையையும் பிரித்தறியப் பழக்கினோம். வேப்பிலைகளை வெள்ளைத் தாளின்மேல் வைத்தும், கறிவேப்பிலைகளைக் கையில் பிடித்தும் பிள்ளைகள் படம் எடுத்திருந்தார்கள். சோதனையின்போது ஒரு மாணவன் வேப்பிலையைக் கையில் பிடித்துக் காட்டியதும், கருவி அதைக் கறிவேப்பிலை என்று உறுதியாகச் சொன்னது. வகுப்பே குழம்பி நின்றது. பிறகு ஒரு பெண் இலையே இல்லாமல் வெறுங்கையைக் காட்டினாள். அதற்கும் கறிவேப்பிலை என்றே விடை வந்தது. கருவி இலையைப் படிக்கவில்லை, பின்னணியைத்தான் படித்திருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அதன்பின் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குச் சென்றபோது, "நீங்கள் பழக்கிய கணினி மாதிரி (மாடல்) சரியான காரணத்துக்காகத்தான் சரியான விடையைச் சொல்கிறது என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்?" என்று எங்கள் மாணவர்கள் கேட்டார்கள். பேராசிரியர் தம் விளக்கப் படங்களை மூடிவைத்துவிட்டு, கரும்பலகைக்குச் சென்று முக்கால் மணி நேரம் பேசினார்.

மறுமொழி: பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வு மாணவர்

ஆசிரியைக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில், திரைகளையும் சர்வர் அறைகளையும் விட, தரவு உருவாகும் இடத்தைப் பார்க்க விரும்புவதாக எழுதுங்கள். அதே வளாகத்தில் இயங்கும் 'ஏஐ4பாரத்' ஆய்வுக்குழு, இந்திய மொழிகளுக்கான கருவிகளைத் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிடுகிறது. 2024இல் அவர்கள் வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' பேச்சுத் தொகுப்பில், 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல் 7,348 மணி நேர அளவுக்கு இருந்தது. அதில் எழுதிவைத்து வாசித்தது ஏறத்தாழ 9 விழுக்காடுதான். மற்றதெல்லாம் மக்கள் இயல்பாகப் பேசியது.

இப்படிப் பேச்சைப் பதிந்து, கேட்டு எழுத்தாக்கும் பணி எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பதை நான் வேறோர் இடத்தில் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி நடவைப் பற்றிப் பேசிய 12 நொடி ஒலித்துண்டு. பின்னால் சேவல் கூவுகிறது, நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போகிறது. அவர் சொன்ன "நட்டுக்கிட்டிருந்தோம்" என்பதை அப்படியே எழுதுவதா, "நட்டுக்கொண்டிருந்தோம்" என்று எழுதுவதா என்று இருவர் வாதிட்டதில் கால் மணி நேரம் போயிற்று. இயந்திரம் கற்பது இப்படிப்பட்ட முடிவுகளிலிருந்துதான். டெல்டாப் பேச்சை அறிந்த உங்கள் மாணவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே நிறைய இருக்கும்.

இன்னொன்றையும் வகுப்பில் காட்டலாம். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் அது இரண்டு குறிகள்; அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 6 பைட் (பைட் என்பது சேமிப்பின் சிறு அலகு). ஆங்கில 'கே' எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழுக்கெனத் திட்டமிடாத மொழி மாதிரிகள் (எழுத்தைப் படித்து எழுதப் பழக்கப்பட்ட நிரல்கள்) தமிழ்ச் சொற்களை ஏன் துண்டுதுண்டாக நறுக்குகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுமொழி: முன்னாள் அரசுப் பள்ளி மாணவி

டீச்சர், ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே பி.டெக். சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்று கேட்டதும் என்னைப் போன்றவர்கள் மனத்துக்குள் கதவை மூடிவிடுவோம். அதே ஐஐடி 2020இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடங்கள் இணையத்தில் நடந்தாலும் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்றுதான் எழுத வேண்டும். நான் அப்படித்தான் படிக்கிறேன். இதைப் பேருந்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

வளாகத்தில் புள்ளிமான்களும் குரங்குகளும் உலவும். சாப்பாட்டை நெகிழிப் பைகளில் கொண்டுபோக வேண்டாம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தைத் திருத்திவிட்டேன்: அரங்க உரைக்குப் பதிலாக, 19 பேர் கொண்ட இரண்டு குழுக்களாக ஆய்வு மாணவர்களுடன் உரையாட ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இலைகளோடு தொடங்குகிறோம். பின்னணியைப் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லப்போவதில்லை. படமெடுக்கும் பொறுப்பு பேருந்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிக்கு.