ஆளுயர முன்சக்கர சைக்கிள்: யார், எதற்காக ஓட்டினார்கள்?

அரைப்பெடல் எழுதியது:

பழைய இங்கிலாந்துப் படங்களில் ஒரு சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தோசைக்கல் அளவு, மீசைக்காரர் ஒருவர் உச்சியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பென்னி ஃபார்த்திங் என்று பெயர். என் சந்தேகம் ரொம்ப அடிப்படையானது. இரண்டு சக்கரத்தையும் ஒரே அளவில் செய்யலாம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றுமே, இவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? கூட வேலை பார்க்கும் ஒருவர் இது பணக்காரர்கள் பந்தாவுக்காகச் செய்த வண்டி, வேறு காரணமே கிடையாது என்று அடித்துச் சொல்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. ஏறுவது எப்படி, பிரேக் எங்கே, விழுந்தால் என்ன ஆவது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

ஃப்ரீவீல் மணி:

தோன்றாமல் எல்லாம் இல்லை. ஏறக்குறைய சம அளவுச் சக்கரம்தான் முதலில் வந்தது, அப்புறம்தான் முன்சக்கரம் பெருத்தது. காரணம் பந்தா இல்லை, கியர்.

அந்த வண்டியில் செயினே கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே மாட்டியிருக்கும், குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் இன்றும் அப்படித்தான். கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அவ்வளவுதான். 36 அங்குலச் சக்கரமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.9 மீட்டர்கூடப் போகாது, 60 அங்குலமாக இருந்தால் கிட்டத்தட்ட 4.8 மீட்டர் போகும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்கு, வேறு வழி இல்லை. எதுவரை பெரிதாக்கலாம் என்றால் ஓட்டுபவரின் கால் எட்டும்வரை. குட்டையான ஆள் 60 அங்குல வண்டிக்கு ஆசைப்பட முடியாது. நம் ஊர் 28 அங்குல சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் அது 68 அங்குலச் சக்கரத்தை நேரடியாக மிதிப்பதற்குச் சமம், அதாவது யாருக்கும் கால் எட்டாத சக்கரம். செயின் செய்கிற வேலை அது.

மரத்தில் அவ்வளவு பெரிய சக்கரம் செய்தால் எடை தாங்காது. பாரிஸில் எழேன் மேயர் 1869இல் கம்பிகளை இழுத்துக் கட்டிய சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் ஏரியல் என்ற வண்டிக்கு வாங்கினார்கள். வண்டிச் சக்கரத்தில் மரக்கால் கீழிருந்து பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கும். கம்பிச் சக்கரத்தில் அச்சு ரிம்மிலிருந்து தொங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் கடைக்காரர் பெண்டு எடுக்கும்போது ஸ்போக்ஸை முறுக்கிச் சரிசெய்வது அந்த இழுவையைத்தான்.

சரி, செயின் போட்டிருக்கலாமே என்றால், போட்டுப் பார்த்தார்கள். ஹாரி லாசன் 1879இலேயே பின்சக்கரத்துக்குச் செயின் கொடுத்தார், வியாபாரம் ஆகவில்லை. அந்தக் காலத்துச் செயின் மண்ணும் சேறும் பட்டால் தேய்ந்து நீண்டுவிடும். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் நல்ல ரோலர் செயின் செய்தது 1880இல். ஜேம்ஸ் ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழி மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் ரோவர் என்ற, பின்சக்கரத்துக்குச் செயின் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தார், நம் சைக்கிளின் நேரடி முன்னோர் அதுதான். ஆனால் அப்போதும் டயர் கெட்டி ரப்பர். கல் பாவிய சாலையில் பெரிய சக்கரம் குழிக்குள் இறங்காமல் உருண்டு போய்விடும், சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறி முதுகெலும்பை உலுக்கும். அதனால் ரோவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் முழு முட்டாள்கள் இல்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் டன்லப் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார், மறு வருடம் அதே ஊரில் வில்லி ஹியூம் அந்த டயர் போட்டுப் பந்தயங்களை வரிசையாக ஜெயித்தார். உயரச் சக்கரத்துக்கு அப்புறம் பிழைப்பு இல்லை.

பழைய காகிதம்:

மணி சார் இயந்திரப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். முன்கதை கொஞ்சம். இணையத்தில் டா வின்சி வரைந்த சைக்கிள், 1791இல் பிரான்சில் சிவ்ராக் பிரபு ஓட்டிய மரவண்டி என்று இரண்டு கதை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பிரபுவே கற்பனை ஆள், நூறு வருடம் கழித்து ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் கட்டிவிட்ட கதை. டா வின்சி ஏட்டில் இருக்கும் படத்தையும் பின்னால் யாரோ கிறுக்கியது என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

உறுதியாகத் தெரிந்த ஆரம்பம் ஜெர்மனியின் மான்ஹைம், 1817 ஜூன் 12. கார்ல் வான் டிரைஸ், பாடன் அரசின் வன அதிகாரி. இரண்டு சக்கரம், நடுவில் உட்காரக் கட்டை, பெடல் கிடையாது, காலால் தரையை உந்தி ஓட வேண்டும். ஊருக்கு வெளியே இருந்த ஒரு குதிரை மாற்றும் சத்திரம்வரை போய்விட்டு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினார். அதே வருடக் கடைசியிலேயே மான்ஹைமில் நடைபாதையில் இந்த வண்டிக்குத் தடை! 1819இல் லண்டனில் இது பெரிய மோகமாகி, கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல தீனி கிடைத்தது.

பெடல் வர ஐம்பது வருடம் ஆனது. 1860களில் பாரிஸ், பியர் மிஷோ, பியர் லாலமான் இருவரில் யார் முதலில் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. காப்புரிமை எடுத்தவர் லாலமான், அமெரிக்காவில், 1866 நவம்பரில்.

ராத்திரி ஷிஃப்ட்:

தம்போரா எரிமலை வெடித்து 1816இல் கோடையே வராமல், தீவனம் இல்லாமல் குதிரைகள் செத்ததால்தான் டிரைஸ் இதைக் கண்டுபிடித்தார் என்று படித்தேனே?

பழைய காகிதம்:

ஒரு ஜெர்மன் ஆய்வாளரின் ஊகம் அது. பஞ்சமும் உண்மை, வண்டியும் உண்மை. இரண்டையும் முடிச்சுப்போட டிரைஸின் வாய்மொழி ஒன்றும் இல்லை. கதை அழகாக இருப்பதால் பரவிவிட்டது, நான் நம்புவதில்லை.

அரைப்பெடல்:

அருமை. ஆனால் ஓட்டியவர்கள் யார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே. பிரேக் விஷயமும்.

மேட்டுத்தெரு:

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி அண்ணா. ஒரு நல்ல வண்டி விலை தொழிலாளியின் பல மாதச் சம்பளம், அதனால் ஓட்டியவர்கள் பெரும்பாலும் கையில் காசுள்ள இளவட்டங்கள். கிளப் வைத்து, சீருடை தைத்து, முன்னால் ஒருவர் கொம்பு ஊதிக்கொண்டு போக ஊர்வலமாகப் போவார்கள். லண்டனில் பிக்விக் என்ற சைக்கிள் கிளப் 1870இலேயே உண்டு.

ஏறுவதற்குச் சின்னச் சக்கரத்துக்கு மேலே முதுகுத்தண்டுக் குழாயில் ஒரு குட்டிப் படி இருக்கும். இடது காலை அதில் வைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தரையை உந்தி உந்தி வேகம் வந்ததும் எழும்பி சீட்டில் விழ வேண்டும், விழுந்த உடனே சுற்றிக்கொண்டிருக்கும் பெடலைக் கால் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் ஃப்ரீவீல் கிடையாது, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பிரேக் என்பது முன் டயர்மேல் அழுந்தும் கரண்டி மாதிரி ஒரு தகடு. அதை இறக்கத்தில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் நிற்கும், மீதி வண்டி நிற்காது, ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புறப் போவார். ஒரு கல் தட்டினாலும் அதே கதிதான். அதனால் இறக்கத்தில் பலர் இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்வார்கள், பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும், ஆனால் தூக்கி எறியப்பட்டால் தலைக்குப் பதில் காலாவது முதலில் தரையைத் தொடும்.

இந்த வண்டியில் உலகத்தைச் சுற்றியவரும் உண்டு. தாமஸ் ஸ்டீவன்ஸ், கொலம்பியா என்ற 50 அங்குல வண்டி, 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். மாற்றுச் சட்டை, சாக்ஸ், கூடாரமாகவும் ஆகும் ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி, இவ்வளவுதான் மூட்டை. ஆப்கானிஸ்தானில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டதால் கப்பலேறிச் சுற்றி வந்து, லாகூரிலிருந்து கல்கத்தாவரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் மிதித்துப் போயிருக்கிறார்.

காவேரிக்கரை:

எல்லாரும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவாங்வரை 123 கிலோமீட்டர் பந்தயம், ஜேம்ஸ் மூர் பத்தரை மணி நேரத்துக்கு மேல் மிதித்து ஜெயித்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதில் 'மிஸ் அமெரிக்கா' என்ற புனைபெயரில் ஒரு பெண்ணும் ஓட்டி 29ஆவதாக வந்தார் என்பதைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

உயரச் சக்கரம் வந்த பிறகு நீளப் பாவாடையோடு அதில் ஏற வழியில்லை, பெண்கள் மூன்று சக்கர வண்டிக்குப் போனார்கள். 1881இல் விக்டோரியா ராணியே ஸ்டார்லியின் சால்வோ வண்டி இரண்டு வாங்கினார். அதில் இருந்த டிஃபரன்ஷியல் கியர், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக்கொடுத்து வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு, பிறந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். ஸ்டார்லியும் மகனும் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கச் சக்கரத்தை மிதித்த ஒரு வண்டியில், மகன் வலுவாக மிதிக்க வண்டி திரும்பி அப்பாவோடு சேர்த்து காஞ்சொறிப் புதருக்குள் பாய்ந்ததாம். இன்றைய கார்களில் இருப்பதும் அதே தத்துவம்.

ரோவர் மாதிரி வண்டிக்குப் பிறகு, 1880களின் கடைசியில் நடுபார் இல்லாத சட்டகம் வந்ததும் பெண்கள் கூட்டமாக ஏறிவிட்டார்கள். பாஸ்டனில் கிட்டி நாக்ஸ் என்ற தையல்காரப் பெண், கலப்பினக் கறுப்பர், அமெரிக்க சைக்கிள் சங்க உறுப்பினர். 1894இல் சங்கம் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி போட்டது, மறு வருடம் ஆஸ்பரி பார்க் கூட்டத்துக்கு அவர் உறுப்பினர் அட்டையோடு நேரே போய் நின்று பெரிய சர்ச்சை ஆனது. அந்த விதியை அவர்கள் முறைப்படி நீக்கியது 1999இல்!

அதே பாஸ்டனின் ஆனி கோப்சோவ்ஸ்கி, மூன்று குழந்தைகளின் அம்மா, 1894இல் உலகம் சுற்றக் கிளம்பினார். லண்டன்டெரி என்ற ஒரு தண்ணீர் கம்பெனி 100 டாலர் கொடுத்ததால் தன் பெயரையே ஆனி லண்டன்டெரி ஆக்கிக்கொண்டார். 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் வண்டியில் பாவாடையோடு கிளம்பி, சிகாகோவில் அதைப் பாதி எடைகொண்ட ஆண்கள் வண்டிக்கு மாற்றினார். நிறைய தூரம் கப்பலில்தான் போனார் என்று அப்போதே முணுமுணுத்தார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, இந்தியாவில் ஜெர்மன் அரச குடும்பத்தோடு புலி வேட்டைக்குப் போனேன் என்றெல்லாம் மேடையில் அளந்துவிட்டு டிக்கெட் விற்றார்.