கட்டட வரைவுக்கு மேக் போதுமா?

கானாடுகாத்தான் வரைவாளர்:
"ஆப்பிளின் மேக் கணினியிலும் ஆட்டோகேட் வரைவு மென்பொருள் இருக்கிறது, கட்டட வரைவுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்பது பழைய கதை" என்று செக்காலைவாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இதை நம்பிப் படிப்பை முடித்த பிள்ளை ஒருவன் கடன் வாங்கி மேக் எடுத்தால், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கட்டடத்தை முப்பரிமாணத்தில் அமைக்கும் ரெவிட் மென்பொருளின் கோப்பைக் கொடுக்கும்போது என்ன செய்வான்? ரெவிட் மேக்கிற்கு இல்லை. முப்பரிமாணக் காட்சிப் படம் செய்யும் 3டிஎஸ் மேக்ஸும் இல்லை.

செக்காலைவாசி:
நான் எழுதியது ஆட்டோகேட்டைப் பற்றி. அது 2010ஆம் ஆண்டிலேயே மேக்கிற்குத் திரும்பி வந்துவிட்டது. சென்ற மாதம் ஒரு பழைய வீட்டை முகப்பு முதல் இரண்டாங்கட்டு வரை அளந்து, வளவு எனும் நடு முற்றத்தின் தூண்கள் அனைத்தையும் மேக்கிலேயே வரைந்தேன். ஆத்தங்குடிக் கல்லின் பூவை ஒரு முறை பிளாக்காக (மீண்டும் மீண்டும் வைக்கக்கூடிய தொகுதியாக) அமைத்துத் தளம் முழுவதும் பரப்பினேன். வீட்டுக்காரர் எந்தக் கணினி என்று கேட்கவில்லை.

கானாடுகாத்தான் வரைவாளர்:
வீட்டுக்காரர் கேட்க மாட்டார், தம்பி, இன்ஜினியர் கேட்பார். நானும் மேக் வைத்திருந்தவன்தான். மதுரையிலிருந்து வந்த ரெவிட் கோப்பைத் திறக்க, இரவு பத்து மணிக்கு நண்பரின் அலுவலகக் கதவைத் தட்டினேன். இரட்டைத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் ஆறு மாதம் உழைத்து ரெவிட்டில் ஃபேமிலி, அதாவது அளவை மாற்றிப் பயன்படுத்தும் உறுப்பு மாதிரி, செய்து வைத்திருக்கிறேன். தூணின் உயரத்தை ஓரிடத்தில் மாற்றினால் ப்ளான், செக்‌ஷன், எலிவேஷன் எல்லாம் மாறும். நீங்கள் பெருமைப்படும் மேக் ஆட்டோகேட்டில், விண்டோஸ் ஆட்டோகேட்டோடு வரும் கட்டடக் கலைக் கருவித் தொகுப்புகூட இல்லை.

செக்காலைவாசி:
ரெவிட் கோப்பை ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்பாக மாற்றி அனுப்பச் சொல்வேன். அப்படியும் தேவைப்பட்டால் மேக்கிலேயே விண்டோஸ் போடலாம்.

கானாடுகாத்தான் வரைவாளர்:
மாற்றி அனுப்பினால் தூண் தூணாக வராது, வெறும் கோடுகளாக வரும். விண்டோஸை மேக்கில் நேரடியாகப் போட உதவிய பூட் கேம்ப், 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்போடு வந்த எம்1 மேக் முதல் கிடையாது. மேக்கிற்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருளில் அந்த மேக்குகளில் ஓடுவது ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ். அதில் ரெவிட்டுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. மேக் வாங்கிய பிறகும் விண்டோஸைத்தானே தேடுகிறீர்கள்?

தேவகோட்டை கணக்கர்:
கணக்கு மென்பொருளான டேலியும் விண்டோஸில் மட்டுமே நிறுவக்கூடியது. மகன் ஆசைப்பட்டான் என்று கடைக்கு மேக் வாங்கியவர்கள், கணக்கு எழுத இரண்டாவதாக ஒரு கணினி வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

செக்காலைவாசி:
கணக்கர் ஐயா, இங்கே பேசுவது வரைவைப் பற்றி. ரெவிட்டைப் போன்ற ஆர்க்கிகேட் மென்பொருள் ஆப்பிள் கணினியில்தான் முதலில் பிறந்தது. இன்றும் மேக்கில் முழுமையாக ஓடுகிறது. வரைவாளர் அண்ணனுக்கு உண்மையான கோபம் வேறு. அவருடைய படத்தில் பட்டாலை எனும் கூடத்துச் சுவரின் தடிமன் தவறு என்று நான் சுட்டிக்காட்டியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

கானாடுகாத்தான் வரைவாளர்:
அந்தச் சுவரை நாடா பிடித்து அளந்தவன் நான். சுண்ணாம்புப் பூச்சோடு சேர்த்து அளந்ததையும், பூச்சு உதிர்ந்த இடத்தில் நீங்கள் அளந்ததையும் ஒன்றாக வைத்துத் தவறு என்றீர்கள். இன்றும் என் அளவே சரி. ஆர்க்கிகேட் நல்ல மென்பொருள்தான். எனக்கு வேலை தரும் மூன்று அலுவலகங்களிலும் அது இல்லை, ரெவிட்தான் இருக்கிறது. மேக்கில் ரெவிட் எங்கே?

செக்காலைவாசி:
மேக்கில் ஆட்டோகேட் இருக்கிறது. அடுத்த வீட்டையும் அதிலேயே வரைந்து கொடுப்பேன்.