இறக்கத்தில் எய்தால் அம்பு வலப்பக்கம் போகிறது: மியூல் டீர் வேட்டையில் தவறவிட்டேன், காரணம் சொல்லுங்கள்

வணக்கம். நான் கொலராடோவில் இருக்கிறேன், வில் பிடித்து மூன்று வருடம் ஆகிறது. மியூல் டீர் என்ற பெரிய காது மானை வேட்டையாட இங்கே குலுக்கலில்தான் டேக் (அனுமதிச் சீட்டு) கிடைக்கும், இந்த முறை எனக்கு விழுந்தது. நண்பருக்கு விழவில்லை. ஆனாலும் செப்டம்பரில் ஆறு நாள் லீவு போட்டு, கூடாரச் சுமையில் பாதியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு சான் ஹுவான் மலைக்கு என்னோடு வந்தார். அதனால்தான் நடந்தது மனதை இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

நான்காம் நாள். மரங்கள் முடிந்து வெறும் புல்லும் பாறையுமாக இருக்கும் உயரம், 12,000 அடி இருக்கும். எதிர்ச் சரிவில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், பாறை விளிம்புக்குக் கீழே நிழலில் படுத்திருந்த ஒரு ஆண் மானைக் கண்டுபிடித்தார். வெயில் ஏறி காற்று மேல்நோக்கி வீச ஆரம்பித்த பிறகு, பத்தரை மணிக்கு நான் மேலிருந்து இறங்கினேன். கடைசி நூறு கெஜத்துக்கு ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸில், ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவிப் பார்த்துத்தான் போனேன். அந்தத் தூரத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம். முதலில் கொம்பு நுனி தெரிந்தது, அப்புறம் அந்தப் பெரிய காது, ஈயை விரட்ட மெதுவாகத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே எழுந்து, வலப்பக்கம் முகம் வைத்துக் குறுக்காக நின்றது.

தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 45 கெஜம் காட்டியது, இறக்கம் 28 டிகிரி, கோணத்துக்குக் கழித்தால் 40. வில்லில் குறிபார்க்க மாட்டியிருக்கும் சைட்டில் நாற்பது கெஜத்துக்கான பின்னை (குறி ஊசியை) முன்சப்பையை ஒட்டி அதற்குப் பின்னால் வைத்தேன், வில் சாயாமல் இருக்கிறதா என்று காட்டும் சைட்டின் ரசமட்டக் குமிழியையும் பார்த்தேன், நடுவில்தான் இருந்தது. விட்டேன். அம்பு நெஞ்சுக்கு முன்னால் காற்றில் போய்ப் பாறையில் மோதியது. மான் நாலு காலையும் ஒன்றாக ஊன்றித் துள்ளித் துள்ளிச் சரிவில் இறங்கி மறைந்துவிட்டது.

அம்பில் ரத்தம் இல்லை, ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் காயப்படுத்தி விட்டுவிட்டோமோ என்ற பயத்தில், அது போன தடத்தில் இருட்டும் வரை இருவரும் குனிந்து தேடினோம். எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சமதளத்தில் எய்து பார்த்தால் 40 கெஜத்தில் மூன்று அம்பும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. நான் பதறிவிட்டேனா, வில்லில் கோளாறா? காம்பவுண்ட் வில் (கப்பி வைத்தது), 62 பவுண்டு இழுவை, ஐந்து ஊசி உள்ள சைட், நிலையான பிளேடு பிராட்ஹெட் (வேட்டைக்கான அம்பு முனை).

பதில் 1 (யூட்டாவிலிருந்து)

சகோ, காற்றையும் நேரத்தையும் சரியாகத்தான் கணித்திருக்கிறீர்கள், இல்லையென்றால் அது எழுந்து நிற்காமல் அப்படியே ஓடியிருக்கும். நீங்கள் எழுதியதில் "குமிழி நடுவில்தான் இருந்தது" என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சைட்டின் தலைப்பகுதி கீலில் மாட்டிய கதவு மாதிரி லேசாக உள்ளேயோ வெளியேயோ திரும்பி இருந்தால், சமதளத்தில் அது தெரியவே தெரியாது. இறக்கத்தில் மட்டும் குமிழி பொய் சொல்லும், நீங்கள் அதை நடுவில் கொண்டுவரும்போது வில்லைத்தான் சாய்க்கிறீர்கள். வில் வலப்பக்கம் சாய்ந்தால் அம்பும் வலப்பக்கம்தான் போகும். இதைத்தான் மூன்றாம் அச்சு என்பார்கள். ஏற்றத்தில் எய்து பாருங்கள், இடப்பக்கம் போனால் இதுதான். அப்புறம், வீட்டில் எய்தது பிராட்ஹெட்டா, பயிற்சி முனையா?

இழை தொடங்கியவர்

பயிற்சி முனைதான். பிராட்ஹெட் மாட்டி வேட்டைக்கு முன்னால் 20 கெஜத்தில் இரண்டே முறை எய்தேன், சரியாகத்தான் பட்டது.

பதில் 2 (கோவையிலிருந்து)

தம்பி, நான் மானை எய்தவனில்லை, இலக்கில் எய்யச் சொல்லிக்கொடுப்பவன். ஆனால் மேட்டிலும் பள்ளத்திலும் எய்யும் ஃபீல்ட் ஆர்ச்சரியில் இந்தத் தொல்லையை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு ஒன்று வாங்கு. மாடியிலிருந்து நீளமாகத் தொங்கவிடு, அதன் கீழே நல்ல கெட்டியான இலக்கு வை. அம்பு பொருத்தாமல் வில்லை இழுக்காதே, கை நழுவினால் வில் உடையும். மேலே நின்று முழுதாக இழுத்து, இடுப்பை வளைத்துக் கீழே குறிவைத்து, சைட்டின் ஊசி வரிசையைத் தூக்குக் குண்டு நூலோடு ஒட்டிப் பிடி. இப்போது குமிழி எங்கே நிற்கிறது என்று பார். நடுவில் இல்லையென்றால் மூன்றாம் அச்சுத் திருகை ஆலன் கீயால் தளர்த்தி, துளித் துளியாகத் திருப்பிச் சரிசெய். ஆனால் அதற்கு முன்னால் சமதளத்தில் இரண்டாம் அச்சு, அதாவது வில் நேராக நிற்கும்போது குமிழி நடுவில் நிற்பது, சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துவிடு, அது கோணலாக இருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

பதில் 3 (ஆல்பர்ட்டாவிலிருந்து)

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் மூன்றாம் அச்சு மட்டும் அவ்வளவு தூரம் தள்ளாது, 40 கெஜத்தில் இரண்டு மூன்று அங்குலம் விலகும். சப்பைக்குப் பின்னாலிருந்து நெஞ்சைத் தாண்ட இன்னும் நிறைய வேண்டும். பிராட்ஹெட்டில் பிளேடு இருப்பதால் வில்லில் இருக்கும் சின்னக் கோணலும் தூரம் கூடக்கூடப் பெரிதாகும், 20 கெஜத்தில் அது தெரியாது. 40 கெஜத்தில் ஒரு பயிற்சி முனை, ஒரு பிராட்ஹெட் என்று மாற்றி மாற்றி எய்யுங்கள். பிராட்ஹெட் வலப்பக்கம் விழுந்தால் ரெஸ்ட்டை (அம்பு தாங்கியை) இடப்பக்கம் நகர்த்த வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்த பிறகுதான் சைட்டைத் தொட வேண்டும். இன்னொன்று, 45 கெஜம் போக அம்புக்கு ஏறக்குறைய அரை நொடி ஆகும். அதற்குள் மான் ஒரு எட்டு பின்வாங்கியிருந்தாலும் போதும்.

முடி ஒட்டாத அம்பைப் பார்த்த பிறகும் இருட்டும் வரை தேடியதற்கு உங்கள் இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அது வேட்டைக்காரர் செய்ய வேண்டிய வேலை, எல்லாரும் செய்வதில்லை.

இழை தொடங்கியவர் (பன்னிரண்டு நாள் கழித்து)

மூன்று பேருக்கும் நன்றி. நண்பர் வீட்டு மாடியில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஊசி வரிசை நூலோடு ஒட்டி நின்றபோது குமிழி முழுதாக வலப்பக்கம் ஓடிப்போய் கோட்டைத் தாண்டி நின்றது. நண்பர்தான் கவனித்தார், எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மறுநாள் 40 கெஜத்தில் மாற்றி மாற்றி எய்ததில் பிராட்ஹெட் நான்கு விரல் வலப்பக்கம் விழுந்தது. ரெஸ்ட்டை மூன்று முறை நகர்த்திய பிறகு இரண்டும் சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சரிவில் நுரை மான் பொம்மையை 45 கெஜத்தில் வைத்து, கிட்டத்தட்ட அதே இறக்கத்தில், சாக்ஸோடு நின்று பிராட்ஹெட்டால் எய்தேன். மூன்று அம்பு. இரண்டு சப்பைக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில். மூன்றாவது மூன்று விரல் மேலே. இடுப்பை வளைக்காமல் கையை மட்டும் தாழ்த்திவிட்டேன் என்று நண்பர் பக்கத்தில் நின்று சொன்னார். இந்த வாரம் முழுக்க அதைத்தான் பழகுகிறேன். அடுத்த ஏப்ரலில் இருவரும் சேர்ந்தே விண்ணப்பம் போடப் போகிறோம், அவருக்கு விழுந்தால் எதிர்ச் சரிவில் பைனாகுலரோடு நான் உட்காருவேன்.