கெர்னல் பூட்டுக்கு ரஸ்ட் ராப்பர்: சின்னப் பெயர் எந்தக் காத்திருப்புக்கு?

கேள்வி

ஒரு டிரைவருக்காக லினக்ஸ் கெர்னலின் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு), வெயிட் கியூ (ஒன்று நடக்கும்வரை தூங்கிக் காத்திருக்கும் வரிசை) இரண்டுக்கும் ரஸ்ட் மொழியில் ராப்பர், அதாவது மேலே சுற்றும் உறை, எழுதுகிறேன். சிக்னல் (புராசஸை நிறுத்தச் சொல்வது போன்ற அறிவிப்பு) வந்தால் பாதியில் எழுந்துவிடும் காத்திருப்புக்கு வெறுமனே ‘வெயிட்’ என்று பெயர் வைத்தேன், பெரும்பாலான இடங்களில் எனக்கு வேண்டியது அதுதான் என்பதால். சிக்னலுக்கு அசையாமல் தூங்குவது ‘வெயிட்_அன்இன்டரப்டிபிள்’. ரிவ்யூ செய்தவர் தலைகீழாக மாற்றச் சொல்கிறார். ராப்பர் எழுதுவதே பாதுகாப்புக்காகத்தானே? பெயரும் அந்தப் பக்கம் சாய வேண்டாமா?

பதில் 1

ரிவ்யூ செய்தவர் சொல்வதுதான் சரி. பல வருடம் சி-யில் கெர்னல் கோடு படித்த கண்ணுக்கு ‘மியூடெக்ஸ்_லாக்’ என்றால் கிடைக்கும்வரை தூங்கும், சிக்னலுக்கு எழாது. எழ வேண்டுமென்றால் ‘மியூடெக்ஸ்_லாக்_இன்டரப்டிபிள்’. ‘வெயிட்_ஈவென்ட்’டும் அதே வழக்கம்தான். உங்கள் ‘வெயிட்’டைப் பார்த்தால், காத்திருந்தது நடந்துவிட்டது என்று நம்பி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். உண்மையில் சிக்னல் வந்து எழுந்திருக்கும், தரவு இன்னும் வந்திருக்காது. கெர்னலின் சொந்த ரஸ்ட் காண்ட்வாரிலும் (ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்க உதவும் வகை) முதலில் உங்களைப் போலவேதான் பெயர் வைத்திருந்தார்கள். பிறகு மாற்றினார்கள். இப்போது அங்கே ‘வெயிட்’ கலையாத தூக்கம், ‘வெயிட்_இன்டரப்டிபிள்’ தனி.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சி பெயரை எல்லா இடத்திலும் அப்படியே இழுத்து வர வேண்டாம். காத்திருக்காமல் முயன்று மட்டும் பார்க்கும் ‘மியூடெக்ஸ்_ட்ரைலாக்’ பூட்டு கிடைத்தால் 1 திருப்பும், செமஃபோர் என்ற இன்னொரு வகைப் பூட்டின் ‘டவுன்_ட்ரைலாக்’ கிடைத்தால் 0. இதில் எத்தனை பேர் தடுக்கி விழுந்திருப்பார்கள்! ரஸ்டில் ‘ட்ரை_லாக்’ என்று வைத்து, ஆப்ஷனுக்குள் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்னும் வகை) கார்டை (தான் இருக்கும்வரை பூட்டைப் பிடித்திருக்கும் மதிப்பு) கொடுத்துவிட்டால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. டாக் ஏலியஸில் பழைய சி பெயரையும் போட்டுவிடுங்கள், ஆவணத்தில் அந்தப் பெயரால் தேடுபவருக்கும் கிடைக்கும்.

அப்புறம் இன்னொன்று. எனக்கு இரண்டு நாள் போனது இதில்தான். கார்டை வாங்கும் மாறிக்கு வெறும் ‘_’ என்று எழுதியிருந்தேன். ரஸ்ட் அதை அந்த வரியிலேயே விட்டுவிடும், பூட்டும் அங்கேயே திறந்துவிடும். ‘_கார்டு’ என்று எழுதினால் பிளாக் முடியும்வரை நிற்கும். திரும்பும் மதிப்பைப் பயன்படுத்தாவிட்டால் எச்சரிக்கும் ‘மஸ்ட்_யூஸ்’ போட்டிருந்தும் எச்சரிக்கை வரவில்லை, ஏனென்றால் ‘லெட் _ =’ என்றாலே வேண்டாம் என்று தெரிந்தே விடுவதாகத்தான் கம்பைலர் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. பெயர்களை மாற்றினேன். மாற்றும்போது ‘வெயிட்’டை அழைக்கும் ஒவ்வொரு இடத்தையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு இடங்களில் ‘லெட் _ =’ போட்டு சிக்னலால் எழுந்ததா என்று சொல்லும் திரும்பும் மதிப்பை நானே தூக்கி எறிந்திருக்கிறேன். இரண்டுமே சாதனம் பதில் சொல்லும்வரை காத்திருந்தே ஆக வேண்டிய இடங்கள். அங்கே இப்போது கலையாத ‘வெயிட்’ இருக்கிறது. மற்ற இடங்களில் ‘வெயிட்_இன்டரப்டிபிள்’ என்று நீளமாகவே எழுதிவிட்டேன்.