ரிகம்பென்ட் சைக்கிள்: புளியரை ஏற்றத்துக்கு என்ன கியர் வேணும்?

தையல்கடை (செங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையில் தையல் கடை வச்சிருக்கேன். நாள் முழுக்கக் குனிஞ்ச தலை நிமிராத வேலை. கழுத்து எலும்பு தேய்மானம்னு டாக்டர் சொல்லிட்டார். சாதா சைக்கிள்ல கொஞ்ச தூரம் போனாலே ரெண்டு கையும் மரத்துப்போகுது. ஹாலந்தில் வேலை பார்த்த தம்பி ஊருக்குத் திரும்பினப்போ அவன் ஓட்டின ரிகம்பென்ட் சைக்கிளை எனக்குக் கொடுத்துட்டான். நல்லா சாஞ்சு உக்காந்து, காலை முன்னால நீட்டி மிதிக்கிற வண்டி. கழுத்துக்கும் கைக்கும் எந்தப் பாரமும் இல்ல. இதை விடவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

முன்சக்கரம் 20 இஞ்ச், பின்சக்கரம் 26. முன்னால மூணு செயின் வீல்: 52, 42, 30 பல். பின்னால 9 கியர், 11 பல்லுல இருந்து 28 வரை. ஹேண்டில் நெஞ்சுக்கு நேரே வருது.

பிரச்சினை ரெண்டு. முதல் மிதி மிதிச்சதும் வண்டி இடப்பக்கம் சாயுது, சமாளிக்க ஹேண்டிலை இழுத்தா வலப்பக்கம் ஓடுது. ஓட ஆரம்பிச்சிட்டா பண்பொழி ரோட்டுல எதிர்காத்துலகூட ஜோரா போகுது. நின்னு கிளம்புறதுதான் பெரும்பாடு.

ரெண்டாவது, ஆரியங்காவுல எங்க அக்கா இருக்கா. புளியரை தாண்டி அந்த மலை வளைவுல ஏறி கோட்டைவாசல் வழியா அவ வீட்டுக்கு நானே இந்த வண்டியில போகணும். பஸ் ஜன்னல் வழியா பார்த்துட்டே இருந்த ரோடு அது. இப்ப இருக்கிற கியர் அதுக்குப் போதுமா? ஏறத் தொடங்குற இடத்துலயே முட்டி பிடிக்குது.

கடையநல்லூர் ரோடு பைக்

அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த மாதிரி வண்டி ஏற்றத்துக்கு ஆகாது. கனம் ஜாஸ்தி, எந்திரிச்சு நின்னு மிதிக்கவும் முடியாது. பழைய சைக்கிள்லயே ஹேண்டிலை உயர்த்தி, சீட்டைக் கொஞ்சம் அகலமா மாத்திக்கோங்க. லாரிக்காரன் கண்ணுக்கும் தெரிவீங்க.

பகவதிபுரம் ஃபிட்டர்

தங்கச்சி, நான் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முதுகுத் தண்டில் டிஸ்க் விலகிய பிறகு ரிகம்பென்டுக்கு மாறினேன். இப்போது வேறு சைக்கிள் தொடுவதில்லை.

கடையநல்லூர் தம்பி சொல்வதில் பாதி நிஜம். அதே ஆள் அதே ஏற்றத்தில் சாதா சைக்கிளில் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேருவார். ஆனால் சமதரையில், எதிர்காற்றில் இந்த வண்டிதான் வேகம். 1933 ஜூலை 7-ஆம் தேதி பாரிசில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் சார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போனார். 1914-லிருந்து ஓஸ்கர் எக் வைத்திருந்த 44.247-ஐ அது முறியடித்தது. ஃபோர் முதல் வரிசைப் பந்தயக்காரர் அல்ல. அடுத்த வருஷமே உலக சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று விதி போட்டு இந்த வடிவத்தை வெளியே தள்ளிவிட்டது. தள்ளாமல் இருந்திருந்தால் நம் ஊர்க் கடையிலும் இன்றைக்கு இது கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். அதனால் "ஆகாத வண்டி" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

ஏற்றத்துக்கு வருகிறேன். மீட்டர் கேஜ் காலத்தில் இந்த மலையில் ரயில் ஏறும்போது வண்டிக்குப் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டித் தள்ளுவோம். உங்களுக்குப் பின்னால் எஞ்சின் இல்லை, எழுந்து நின்று உடம்புக் கனத்தைப் பெடலில் போடவும் வழியில்லை. மிச்சம் இருப்பது கியர் மட்டும்தான்.

உங்கள் பின்சக்கரம் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஓடும். முன்னால் 30, பின்னால் 28 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.14 மீட்டர் போகிறது. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏற்றம், நீங்களும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.7 கிலோமீட்டர், கால் கொடுக்க வேண்டிய சக்தி சுமார் 110 வாட். பழகாத காலால் அதை ரொம்ப நேரம் கொடுக்க முடியாது. முடியாதபோது மிதி மெதுவாகும், சீட்டில் முதுகை அழுத்தி உந்துவீர்கள், முட்டி பிடிக்கும். உங்களுக்கு நடப்பது அதேதான்.

30 பல்லைக் கழற்றிவிட்டு 24 போடுங்கள். உங்களுடையது 52-42-30 என்பதால் உள் வளையத்தைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் அனேகமாக 74 மில்லிமீட்டராக இருக்கும், அதில் 24 வரை உட்காரும். பின்னால் 11 பல்லிலிருந்து 34 வரை உள்ள கேசட் (பின்சக்கரப் பல் அடுக்கு), அதற்கு மவுண்டன் பைக்கின் 9 கியர் நீளக்கை டெரைலர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி). இப்போது ஒரு சுற்றுக்கு 1.41 மீட்டர். அதே 60 சுற்றுக்கு 73 வாட் போதும், பேசிக்கொண்டே ஏறலாம். செயின் நீளத்தை 52-க்கும் 34-க்கும் சேர்த்துப் போட்டால் எட்டுகிற மாதிரி வையுங்கள். அப்படி வைத்தால் 24-ல் இருக்கும்போது பின்னால் சின்னப் பற்களுக்குப் போகக் கூடாது, செயின் தொங்கிவிடும். 42-லிருந்து 24-க்கு இறக்கும்போது உள்பக்கம் விழவும் பார்க்கும். ஏற்றம் ஆரம்பிக்கும் முன்பே, காலை லேசாக்கி இறக்கிவிட வேண்டும்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. 1.41 மீட்டரில் 60 சுற்று என்றால் மணிக்கு 5 கிலோமீட்டர்தான். ஆள் நடக்கிற வேகம். அந்த வேகத்தில் நேராக ஓட்டத் தெரியாவிட்டால் சின்னக் கியர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் உங்கள் இரண்டு கேள்வியும் உண்மையில் ஒன்றேதான்.

கிளம்பும் முறை: முதுகு முழுவதும் சீட்டில் படிந்திருக்கட்டும், தலையைத் தூக்கி எட்டிப் பார்க்காதீர்கள். ரெண்டு பிரேக்கையும் பிடியுங்கள். ஒரு கால் தரையில். மற்றக் காலின் பெடலை, உச்சியை எட்டுவதற்குச் சற்று முந்தைய நிலையில், உங்கள் பக்கமாக நிறுத்துங்கள். நம் வண்டியில் கால் முன்னால் நீள்வதால் பலம் விழும் இடம் அதுதான். பிரேக்கை விட்டு அழுத்தி ஒரே மிதி. தரையில் இருக்கும் காலை அவசரமாகப் பெடலில் வைக்க வேண்டாம், வண்டி நிமிர்ந்து ஓடுவதை உணர்ந்த பிறகு வையுங்கள். கை ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். நீங்கள் ஹேண்டிலை இழுப்பதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, வண்டியை அங்கே இங்கே ஓட வைப்பது அந்த இழுப்புதான்.

சமதரையில் கிளம்பக் கடைசிச் சின்னக் கியர் வேண்டாம். 24 மாட்டும் வரை, முன்னால் 30, பின்னால் 19 போல வைத்தால் அரைச் சுற்றுக்கே ஒன்றரை மீட்டர் போய்விடும், அதற்குள் வண்டி நிமிர்ந்துகொள்ளும். 30-28-ல் அரைச் சுற்று ஒரு மீட்டர்தான், நிமிர்வதற்குள் வேகம் தீர்ந்துபோகும். வண்டியை நிறுத்தும் முன்பே அந்த 30-19 கியருக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் டெரைலர் ஓடும்போதுதான் மாறும்.

கொழிஞ்சாம்பாறை வெல்டிங்

அக்கா வணக்கமுங்க. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைங்க. நம்மது ரெண்டு பழைய சைக்கிளை வெட்டி நானே வெல்டு வெச்ச வண்டி. ஆடி மாசக் காத்துல இங்க சாதா சைக்கிள்ல மேற்கே போறது எத்தனை பாடுன்னு கணவாய்க்குள்ள இருக்கற நமக்குத்தான் தெரியும். இதுல படுத்துட்டுப் போனா காத்து தலைக்கு மேல போயிருதுங்க.

கியர் விசயத்துல ஒண்ணு சொல்லோணும். என்னோடதுல பின்சக்கரமும் 20 இஞ்ச்சுங்க. சாதா 28 இஞ்ச் சைக்கிள்ல 44 பல்லு செயின் வீல், 18 பல்லு ஃப்ரீவீல்னா ஒரு சுத்துக்கு 5.4 மீட்டர் போகும். அதே பல்லை 20 இஞ்ச்சுல போட்டா 3.7 மீட்டர்தான். சக்கரம் சின்னதானாலே கியரும் சின்னதாயிருது. அதோட ஒரு பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் ஹப் மாட்டியிருக்கறேன், கியரெல்லாம் பின்சக்கரத்து நடுக்குடத்துக்குள்ளயே இருக்குமுங்க. முக்காப் பங்கு, நேர், ஒண்ணேகால் பங்குக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான் அதுல. ஆனா நின்ன இடத்துலயே கியர் மாத்திக்கலாமுங்க. சிக்னல்ல, செக்போஸ்ட்ல திடீர்னு நிக்கறவங்களுக்கு இது பெரிய வசதி. மலை ஏறறதுக்குப் பத்தாது, அதுக்கு ஃபிட்டர் ஐயா சொன்னதுதான் சரி.

செயினை மறந்துறாதீங்க. நம்ம வண்டிக்கு ரெண்டரை, மூணு செயின் சேத்துத்தான் ஒரு செயின். சீட்டுக்கு அடியில அது ஓடற உருளையைக் கையால சுத்திப் பாருங்க. மேல ஓடற பக்கம் இழுவிசை அத்தனையும் அந்த உருளை மேல விழுது. பேரிங் கெட்டிருந்தா கர்ர்னு ஒரு சத்தம் வரும், கால் வலு பாதி அதுலயே போயிரும். நான் லேத்துல பல்லு வெச்ச உருளை கடைஞ்சு மாட்டினதும் சத்தம் நின்னுது.

கூடலூர் மூணுசக்கரம்

நான் தேனி மாவட்டக் கூடலூர். குமுளி மலைக்குக் கீழே. நான் ஓட்டுறது முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணுன்னு மூணு சக்கரம் வச்ச ரிகம்பென்ட். பேலன்ஸ் தொல்லையே கிடையாது, லோயர் கேம்ப்பில் இருந்து ஏறும்போது மூச்சு வாங்கினா அப்படியே பிரேக்கைப் பூட்டிட்டு உக்காந்துடுவேன். மலைதான் முக்கியம்னா அக்கா மூணு சக்கரத்தையும் யோசிக்கணும்.

இருக்கிற வண்டியிலயே ஏறுறதா இருந்தா கியரைத் தொடும் முன்னால பூம் (பெடலைத் தாங்கி முன்னால நீளுற குழாய்) அளவைச் சரி பண்ணுங்க. தம்பியோட உயரத்துக்கு வச்சது உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? செருப்போ ஷூவோ, எதைப் போட்டு ஓட்டுவீங்களோ அதைப் போட்டுக்கிட்டு குதிகாலைப் பெடல்ல வைங்க. பெடல் ரொம்ப தூரத்துல இருக்கும்போது கால் நேரா நீளணும், இடுப்பு சீட்டுல நகரக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வச்சா முட்டி லேசா மடங்கி நிக்கும். பூம் கிட்ட இருந்தா முட்டி வலிக்கும், தள்ளி இருந்தா முட்டிக்குப் பின்பக்கமும் குதிகால் நரம்பும் வலிக்கும். பூமை 2 சென்டிமீட்டர் நகர்த்தினா செயின்ல 4 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அதனால பூம் முதல்ல, செயின் வெட்டுறது பிறகு.

கால் பெடல்ல இருந்து நழுவாம ஸ்ட்ராப் போடுங்க. ஓடுற வேகத்துல பாதம் தரையில விழுந்தா வண்டி அது மேலேயே ஏறி காலைப் பின்னால இழுத்துடும். மூணு சக்கரத்துல இது ரொம்ப ஆபத்து, ரெண்டு சக்கரத்துலயும் கவனம் வேணும். துப்பட்டாவைக் குறுக்கா போட்டு முடிச்சுப் போட்டுக்கோங்க, பின்சக்கரம் முதுகுக்குப் பக்கத்துலயே இருக்கு. சுடிதார் பேன்ட்டோட வலது காலை ரப்பர் பட்டையால கட்டணும், இல்லாட்டி செயின் மை ஒட்டி எந்த சோப்புக்கும் போகாது.

தையல்கடை (செங்கோட்டை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூடலூர் அக்கா சொன்னபடி குதிகாலை வச்சுப் பார்த்தேன், கால் நேரா எட்டவே இல்ல. தம்பி என்னைவிட ஒரு சாண் உயரம். பூமை உள்ளே தள்ளினதும் முட்டி பிடிக்கிறது பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு.

குண்டாறு ரோட்டுல லேசான இறக்கத்துல காலைத் தொங்கவிட்டு, மிதிக்காம, பிரேக்கை மட்டும் பிடிச்சு இறங்கிப் பழகினேன். அது யாரும் சொல்லல, எனக்கே தோணுச்சு. வண்டி தானா நிமிர்ந்து ஓடுறது அப்பத்தான் புரிஞ்சது. இப்ப ஃபிட்டர் அண்ணாச்சி சொன்ன மாதிரி ரெண்டு விரல்ல பிடிச்சுக் கிளம்புறேன். சாயல. சின்னக் கியர்ல ரோட்டோர வெள்ளைக் கோட்டு மேலயே மெதுவாப் போய்ப் பார்க்கிறேன், கோடு நூல் பிடிச்ச மாதிரி வரும் வரைக்கும் விடுறதா இல்ல.

மூணு சக்கரம் எனக்கு வேணாம்கா. வீட்டு நடையில ஏத்த முடியாது, தம்பி கொடுத்ததை விட மனசும் இல்ல. 24 பல்லு வளையமும் 11-34 கேசட்டும் டெரைலரும் ஆர்டர் போட்டாச்சு. ஒரு சந்தேகம் மட்டும் அண்ணாச்சி: மலையில பாதியில நிக்க வேண்டி வந்தா எப்படிக் கிளம்புறது?

பகவதிபுரம் ஃபிட்டர்

இறக்கத்தில் காலைத் தொங்கவிட்டு ஓட்டியது அருமை தங்கச்சி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம், வண்டியைக் காலுக்கும் கைக்கும் அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி இல்லை.

மலையில் நின்றுவிட்டால் அதே சரிவில் கிளம்பப் பார்க்காதீர்கள். 24-34-ல் அரை மிதிக்கு 70 சென்டிமீட்டர்தான் நகரும், அதற்குள் சாய்ந்துவிடும். சாதா சைக்கிளில் குறுக்கே திருப்பிக் கிளம்புகிறார்களே, கேரளாவுக்குப் போகும் லாரிகள் ஓடுகிற ரோட்டில் அது வேண்டவே வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போய் வளைவில் ரோடு அகலமாக, சரிவு குறைவாக இருக்கும் இடத்தில் கிளம்புங்கள். இடது ஓரம் மாறவே கூடாது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பியில் ஆரஞ்சு கொடி, ரெண்டு பக்கமும் கண்ணாடி, பகலிலும் எரிகிற சிவப்பு லைட். இந்த மூன்றும் இல்லாமல் புளியரைக்கு மேலே கிளம்பாதீர்கள்.

சாரல் முடியட்டும். நனைந்த ரோட்டில் திரும்பி இறங்கும்போது ரிம் பிரேக் பிடிக்க நேரம் எடுக்கும், பிரேக் கட்டையையும் அதற்குள் புதிதாக மாற்றிவிடுங்கள். பார்சல் வந்ததும் வண்டியைப் பகவதிபுரத்துக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் கழற்றும் சாவி, செயின் கட்டர், கேசட் சாவி எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒரு மத்தியானத்தில் மாட்டிவிடலாம். ரோடு காய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, லாரி குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, புளியரை செக்போஸ்டில் இருந்து நானும் கூட வருகிறேன். உங்கள் வேகத்துக்குப் பின்னாலேயே வருவேன். அக்காவிடம் ரெண்டு பேருக்குச் சேர்த்து காலை டிபன் செய்யச் சொல்லிவிடுங்கள்.